வெத்திலப்பை தொறக்காத படம்

உனக்கு எதுக்குடீ மக்ளே அது? ஆஸ்பத்திரியில நின்னு நின்னு காலு வீங்கி லீவுக்கு வந்திருக்க. தின்னு, கெடந்து உறங்கு. அத உட்டுட்டு, "அம்மச்சி, அந்தக் கிறிஸ்மஸ் படத்துக்கு நம்ம ஊரே ரெண்டு தடவ மூணு தடவ போச்சாமே, அது என்ன சங்கதி"ன்னு காலத்தே வந்து எனக்க தாடையத் தோண்டுத. ஆரு சொன்னா உனக்கு, உனக்க அம்மையா? அவ வாய்க்கு ஒரு கொளுத்து மாட்டணும். தெரிஞ்சு நீ என்ன செய்யப் போற, ஊசி போடப் போறியா?

செரி, இரி. இந்த வயசுல மானத்த நான் உப்பிலிட்டா வைக்கப் போறேன். சொல்லுதேன். ஆனா டாக்கீசு மொதலாளிகிட்ட மட்டும் பறஞ்சிராத. அந்த மனுசன் இன்னைக்கும் அது நல்ல படம்னு நம்பிட்டிருக்காரு.

சானல் வாய்க்கா பாலம் தாண்டி நிக்கிற டாக்கீசுல நான் முட்டு தேயுறது வர தூத்து வாரினவளாக்கும். நான் சோலிக்குச் சேந்த காலத்துல எங்க சபையில சினிமா பாக்கிறது பாவம். சபைய நடத்துற ஐயருகிட்டப் போயி, "பாக்கல்ல ஐயரே, தூத்து வாரத்தான் போறேன், போலாமா"ன்னு கேட்டேன். அவரு கொஞ்சம் யோசிச்சாரு. "குனிஞ்சு தூத்தா பாவமில்ல, நிமுந்து பாத்தாத்தான் பாவம்"னாரு. நானும் குனிஞ்சேதான் இருந்தேன். பாட்டு வரும்ப மட்டும் எனக்கு இடுப்பு வலிக்கும், நிமுருவேன்.

அதனால எனக்குப் படத்தத் திரையப் பாத்துத் தெரியாது. தரையப் பாத்தாத் தெரியும். கொள்ளாத படம்னு வையி, ஆளு சும்மா இருக்க மாட்டான், தின்னுட்டே இருப்பான். கடலைப் பொட்டலம் நக்கித் தொடச்ச மாதிரி கெடக்கும். அந்தப் பேப்பரையும் கிழிச்சுத் திரிச்சுப் போட்டிருப்பான். சீட்டுக்குள்ள பஞ்சு உண்டா நாரு உண்டான்னு தோண்டிப் பாத்திருப்பான். நல்ல படம்னா கைய வாய்க்குக் கொண்டு போவ மறந்திருவான். பொட்டலத்துல பாதிக் கடலை அப்பிடியே இருக்கும், சாயா கப்பு ஆறி ஆடை கெட்டி நிக்கும். அந்தக் கடலை பூரா எனக்க கோழிக்கு. கோழி கொழுத்துதுன்னா படம் ஓடும். கோழி எனக்க முகத்தப் பாத்துக் கத்திச்சுன்னா படம் வெள்ளிக்கிழம மாறிரும்.

மொதலாளி நல்ல மனுசன். அதாக்கும் அவருக்க கொறை. எந்தப் படம் பாத்தாலும் அழுதிருவாரு. சண்டப் படத்துக்கும் அழுவாரு, அடி வாங்குற தடியன்மாருக்கும் வீட்டுல அம்மை இருப்பாளேன்னு. அவராப் பாத்து அழுது எடுத்துட்டு வந்த படம் ஒண்ணு, உள்ள தொங்கின வவ்வாலு கூட எறங்கிப் போச்சு. அந்த வாரம் நான் தரையப் பாத்து மொத ஷோவுக்கே சொன்னேன், "மொதலாளி, இது தேறாது, பொட்டலத்த நக்கியிருக்கான்." அதுக்குப் பொறவுதான் அவரு என்னைய ஒரு ஆளா நெனச்சது. "அம்மச்சி, இனி பிரிவியூவுக்கு நீயும் வா"ன்னாரு.

பிரிவியூன்னா உனக்குத் தெரியுமா? படம் வெளிய வாறதுக்கு முன்ன, எடுத்தவங்க டாக்கீஸ்காரங்களத் திருவனந்தபுரத்துக்குக் கூப்பிட்டு ஒரு சின்ன ஹால்ல போட்டுக் காட்டுவாவ. பாத்துட்டு, எங்க டாக்கீசுல இத்தன நாளு, இத்தன ஷோன்னு வாக்கு குடுக்கணும். கூட வெளியாளு கொஞ்சம் பேரையும் இருத்துவாவ, காலேஜ் பிள்ளையளு, வீட்டம்மமாரு, அப்பிடி. அவியளுக்கு ஒரு பேப்பரும் பேனாவும் குடுப்பாவ, எங்க சிரிச்சிய, எங்க போரடிச்சுதுன்னு எழுதணும். எனக்கும் ஒண்ணு நீட்டினாவ. நான் அதுல வெத்தில மடிச்சேன்.

வாசல்ல போனுக்க கண்ணுல ஒரு ஸ்டிக்கரு ஒட்டுவாவ, படம் பிடிக்காம இருக்க. எனக்க போன வாங்கிப் பாத்துட்டு, கண்ணே இல்லியே அம்மச்சின்னு திருப்பித் தந்திருவான்.

உள்ள போனா இருக்கு வேடிக்க. டாக்கீசு மொதலாளிமாரு ஒருத்தரும் சிரிக்க மாட்டாவ. சிரிப்பு வந்தா இருமிக்கிடுவாவ. சிரிச்சுட்டா படம் எடுத்தவன் கண்டுக்கிட்டு, ஆஹா இவருக்குப் பிடிச்சிருக்குன்னு கெத்தாயிருவான், வெலைய ஏத்திருவான். தமாசுப் படம் போட்டா அந்த ஹாலு முழுக்க டிபி வார்டு மாதிரி இருக்கும். படம் முடிஞ்சாலும் ஒருத்தருக்கொருத்தர் வாயத் தொறக்க மாட்டாவ. "கொழப்பமில்ல", "நோக்காம்", பாப்போம்னு அர்த்தம், அவ்வளவுதான் பேச்சு.

அதுனால மொதலாளியும் என்கிட்ட வாய் தொறந்து கேக்க முடியாது. அதுக்கு நாங்க ஒரு ஏற்பாடு செய்தோம். நான் முன்னால இருப்பேன், அவரு நேர பின்னால. எனக்க வெத்திலப்பை மடியில இருக்கும். படம் கொள்ளாதுன்னா நான் பைய அவுத்து ஒரு துண்டு பாக்கு எடுத்து வாயில போடுவேன். கொள்ளாம்னா பைய தொட மாட்டேன். அவ்வளவு வெத்திலப் பைத்தியம் நான் தொடாம இருக்கேன்னா படத்துல என்னமோ உண்டுன்னு அர்த்தம். வருசக்கணக்கா அது தப்பல்ல. ஒரு படத்துக்குப் பேரு எழுதிக் காட்டும்பளே அவுத்தேன். மொதலாளி பின்னாலிருந்து, "எடீ, படம் தொடங்கட்டு"ன்னு முனகினாரு. தொடங்கிச்சு. நான் பைய கெட்டல்ல.

நெய்யாற்றின்கரைக்காரரு ஒருத்தரு உண்டு, மீசைக்காரரு, அவருக்கும் டாக்கீசு. கொஞ்ச நாளா அவரு எனக்குப் பக்கவாட்டுல சீட்டுப் பிடிக்காரு. திரையப் பாக்கிறதே இல்ல, எனக்க மடியத்தான் பாக்கிறாரு. நான் முந்தானைய இழுத்து விட்டேன். பொறவுதான் தெரிஞ்சுது, அவரு பாக்கிறது பையயாக்கும்.

இனி அந்த நாளு.

கிறிஸ்மசுக்கு ஒரு மாசம் இருக்கும். காலத்தே மொதலாளி காரக் கொண்டு வந்து நம்ம நடையில நிறுத்தினாரு. எப்பவும் பாட்டுப் போட்டுட்டு வாறவரு, அன்னைக்குப் பாட்டில்ல. அமரவிளை தாண்டின பொறவுதான் வாயத் தொறந்தாரு.

"அம்மச்சி, மவ கூப்பிட்டா." அவருக்க மவ துபாய்ல. ஒத்தப் பிள்ள. "கிறிஸ்மசுக்கு வாறா. இந்தக் கிறிஸ்மஸ் படமும் ஆளில்லாம ஓடிச்சுன்னா, சீட்டெல்லாம் பறிச்சிட்டு ஆடிட்டோரியம் ஆக்கிருவோம் பப்பாங்கிறா. கல்யாணத்துக்கு எப்பிடியும் ஆளு வரும்னு சொல்லுதா."

"வரும். சோறு உண்டில்லா."

"எனக்குக் கல்யாணம் பாத்து அழ வராது அம்மச்சி."

அவரு ரோட்டப் பாத்துட்டே, "இந்த ஒரு தடவ கண்ண நல்லாத் தொறந்து பாரு. தப்பிப் போச்சுன்னா தீந்துது"ன்னாரு.

பாத்துக்க, இத்தனையும் என்கிட்டச் சொன்னாரு. சொல்லல்லன்னு நான் நொண்டி நியாயம் பறைய முடியாது.

ஹாலு நல்ல குளிரு. மொதலாளி பின்னால, மீசை பக்கத்துல, பை மடியில. படம் தொடங்கிச்சு. ஒரு மனுசன் சைக்கிள உருட்டிட்டு ஒரு பாலத்துல வாறான். பாலத்துக்க கைப்பிடிச் சொவருல ஒரு மூல ஒடஞ்சு கெடக்கு. அந்த மூலைய ஒடச்சது ஆருன்னு எனக்குத் தெரியும், உனக்க மாமன், ஆட்டோ ஓட்டப் படிக்கும்ப. அது நம்ம சானல் பாலம்.

உனக்கு ஓர்ம உண்டா, அதுக்கு முந்தின மழைக்கு முன்ன ஒரு சினிமாக்காரக் கூட்டம் நம்ம ஊருல வந்து எறங்கிச்சில்லா. அது என்ன படம், எப்ப வரும்னு ஒருத்தரும் சொல்லல்ல. பஸ் ஸ்டாப்புல கூட்டம் நிக்கணும்னு நம்ம தெரு முழுக்கக் கூட்டிட்டுப் போயி வெயில்ல நிறுத்தினாவ. "பஸ்ஸப் பாக்கணும், கேமராவப் பாக்கப்படாது." எனக்கு மட்டும் தனி வேல. ஒரு வாழக்கொலயத் தூக்கிட்டு ரோட்டக் குறுக்க கடக்கணும். பதினோரு தடவ கடத்தினான் படுபாவி. ஈஸ்டருக்கு எடுத்த புது சேலையாக்கும் கெட்டியிருந்தேன். தலைக்கு எண்ண தேச்சுப் படிய வாரி, முகத்துல பவுடரும் போட்டிருந்தேன். பவுடரத் தொடைக்கச் சொன்னான். தொடச்சேன், பொறவு அவன் அங்க திரும்பும்ப திரும்பப் போட்டேன். உச்சைக்கு எல்லாருக்கும் பிரியாணி. அன்னையிலிருந்து தெருவுல வேற பேச்சே இல்ல. நீ வருவியா, நான் வருவேனா, எனக்க நீலச் சேலை தெரியுமா, இதே.

இப்ப புரிஞ்சுதா? குனிஞ்சு தூத்திட்டே கெடந்தவ திரையில வரப்போறா. மொதலாளி ஆரு, அவருக்க மவ ஆரு, டாக்கீசு ஏது? ஒண்ணும் ஓர்மையில்ல. எனக்க ரெண்டு கண்ணும் திரைக்க ஓரத்துலயும் மூலையிலயும் ஓடிட்டிருக்கு. நடுவுல ஒரு மனுசன் நின்னு என்னமோ பேசுதான், நான் அவன் தோளுக்குப் பின்னாலப் பாக்கேன், அங்க வாழக்கொல வருதான்னு. அவன் அழுதான். நான் மனசுல, "கொஞ்சம் தள்ளி நின்னு அழுடே, ரோட்ட மறைக்காத"ன்னேன்.

இடைவேளைக்கு வடையும் காப்பியும் குடுத்தாவ. நான் எழும்பல்ல. எழும்பிப் போன நேரத்துல போட்டுட்டான்னா? மொதலாளி என்னைய எட்டிப் பாத்தாரு, வெத்திலப்பையயும் பாத்தாரு. அவருக்க முகத்துல வெளக்கு ஏத்தின மாதிரி இருந்துது. நான் அப்பவும் கண்டுக்கல்ல. மீசையும் வடையக் கையில வச்சிட்டு எனக்க மடியவே பாத்துட்டு நின்னாரு.

படம் முடியப் போற நேரம் பஸ் ஸ்டாப்பு வந்துது. நான் சீட்டு நுனிக்கு வந்தேன். ஒரு வாழக்கொல வந்துது. நல்ல கொல, சொல்லக்கூடாது. அதுக்கு அடியில ரெண்டு வெரலு. எனக்க வெரலு, சந்தேகமில்ல, அருவா வெட்டின தழும்பு உண்டு. அன்னேரம் பஸ்ஸு வந்து மறச்சுது. பஸ்ஸு போச்சு. பின்னால நம்ம ஆளுக நின்ன எடத்துல கொடியில துணி காயப்போட்ட மாதிரி நாலஞ்சு கலரு தெரிஞ்சுது. அதுவும் போச்சு. ஆரு எவருன்னு கர்த்தருக்குத்தான் தெரியும். ஈஸ்டர் சேலையக் காணவே காணும்.

வெளக்குப் போட்டாவ. அன்னேரந்தான் மடியப் பாத்தேன். பை கெட்டினது கெட்டினபடி இருக்கு.

திரும்பிப் பாக்கேன், பின் சீட்டுல மொதலாளி இல்ல. பக்கத்துல மீசையும் இல்ல. ரெண்டு பேரும் நடைவழியில ஓடுதாவ. வயசான ரெண்டு மனுசன்மாரு, தோளு முட்டி ஓடுதாவ. எப்பவும் பை சொன்னத, வெளிய காருகிட்ட வந்து என்கிட்ட ஒருக்க கேட்டு உறுதியாக்கிட்டுத்தான் மொதலாளி வாக்கு குடுப்பாரு. அன்னைக்கு மீசை முந்திருவாரோன்னு பயந்து கேக்கல்ல. நான் முட்டப் பிடிச்சிட்டு எழும்பி வாறதுக்குள்ள மொதலாளி படக்காரன் கையப் பிடிச்சாச்சு. கிறிஸ்மசுக்குப் பத்து நாளு, நாலு ஷோ. நம்ம பக்கத்துல வேற ஒரு டாக்கீசுக்கும் குடுக்கப்படாது. மீசை வெளறிப் போயி நிக்காரு.

திரும்பி வரும்ப காருல பாட்டு உண்டு.

"ஒருக்க கூட தொடல்லியே அம்மச்சி."

"இல்ல மொதலாளி."

"அவ்வளவுக்கு உண்டா?"

"உண்டு"ன்னேன். என்ன உண்டுன்னு சொல்லல்ல. பின்ன மெதுவா, "அந்த மனுசன் கடசியில எதுக்கு அப்பிடிச் செய்தான்?"னு கேட்டேன். எந்த மனுசன், எப்பிடிச் செய்தான்னு எனக்கே தெரியாது. கதைய ஆரு வாயில இருந்தாவது பிடுங்கணுமில்லா.

"அதல்லே சங்கடம்"னு மொதலாளி கண்ணத் தொடச்சாரு. "அண்ணனும் தம்பியும், நடுவுல ஒரு சொவரு. அண்ணன் ஜன்னல்ல நிக்கான். தம்பி வீட்டு முத்தத்துல நிக்கான், ஒரு வார்த்த பேசல்ல. மிண்டல்ல."

"பின்ன?"

"பின்ன மழ பெய்யுது."

"பின்ன?"

"மழ விடுது. அப்பவும் மிண்டல்ல."

மழ பெய்யுது, மழ விடுது, இதுக்குப் பத்து நாளு நாலு ஷோ. பொட்டலத்த நக்குவான், பேப்பரத் திரிப்பான், சீட்டத் தோண்டுவான். பறிக்கிறதுக்குச் சீட்டே மிஞ்சாது. இருந்தாலும் ஒரு ஆசை, "எடையில ஒரு பொம்பிள வாழக்கொல கொண்டு போறாளே, அது கொள்ளாமா?"ன்னு கேட்டேன்.

"ஏது பொம்பிள?"

நான் எனக்க வெரலுத் தழும்பத் தடவிட்டே இருந்தேன்.

பாலராமபுரம் வரும்ப உள்ளதச் சொல்லிருவோம்னுதான் நெனச்சேன், சத்தியமா. "மொதலாளி"ன்னு கூப்பிடவும் செய்தேன். அவரு வண்டிய ஓரத்துல நிறுத்தி, எறங்கிப் போயி எனக்கு ஒரு பொட்டலம் சூடு ஏத்தன் வாழக்கா சிப்ஸ் வாங்கிட்டு வந்தாரு. "நீ இல்லன்னா எனக்கு வேற ஆரு உண்டு அம்மச்சி"ன்னாரு. சிப்ஸ் வாயில இருக்கும்ப பேசப்படாதில்லா. பாறசாலை வர தின்னேன்.

அன்னைக்கு வீட்டுல வந்து வெத்தில போட்டேன், எறங்கல்ல. அந்த மனுசன் ஒரு சாதாரண பையப் பாத்து வாக்கு குடுத்துட்டு வந்திருக்காரு. படத்த நான் நல்லதாக்க முடியாது. ஆனா கையி வாய்க்குப் போவாம இருக்கணும், அவ்வளவுதானே வேணும். எனக்குப் போவல்லியே. ஏன் போவல்ல? யோசிச்சேன். யோசிக்க யோசிக்க வெத்தில எறங்கிச்சு.

மறுநாள் தொழிலுறப்பு, அதான் நூறுநாள் வேல, சானல் கரையில புல்லு வெட்டு. நம்ம தெருப் பொம்பிளைய எல்லாம் ஒரு வரிசையில நிப்போம், ஒருத்திக்கும் அடுத்தவளுக்கும் பத்தடி. எனக்கு அதுதான் வசதி. நான் தண்ணிக் கொடத்த எடுத்துட்டு ஒவ்வொருத்திகிட்டயும் தனித்தனியாப் போனேன்.

தையல்காரிகிட்ட, "வெளிய சொல்லாத. நேத்து அந்தப் படம் பாத்தேன். பஸ்ஸு போன பொறவு ஒரு நீலம் தெரியுது. அது நீயா வேற ஆளான்னு எனக்க கண்ணுக்குப் பிடிபடல்ல. நீயே வந்து பாரு"ன்னேன். பொய்யா? நீலம் தெரிஞ்சுதுதானே.

சபையில பாட்டுப் பாடுறவகிட்ட, "உன்னைய மாதிரி ஒருத்தி வாறா, ஆனா மெலிஞ்சிருக்கா"ன்னேன். அவளுக்க புருசன், நாத்தூன், பெருங்கடவிளையில இருக்கிற தங்கச்சி குடும்பம், எல்லாருக்கும் அன்னைக்கே போன் போச்சு.

ஒரே வீட்டு முத்தத்துல ரெண்டு அடுப்பு வச்சு மிண்டாம இருக்கிற ஓரகத்திமாரு உண்டில்லா, அதுல மூத்தவகிட்டப் போயி, "எளையவ பளிச்சுன்னு வாறா. உன்னையக் காணல்ல"ன்னேன். எளையவகிட்டப் போயி அதையே திருப்பிச் சொன்னேன். வெட்டின புல்லப் பாத்தா தெரியும், ரெண்டு பேரும் அன்னைக்கு வேரோட வெட்டினாளுக.

கடசியில எல்லாருகிட்டயும் ஒரே வார்த்த. "எப்ப வரும்னு மட்டும் கேக்காத, எனக்கு ஓர்மையில்ல. மொதல்லேருந்து கண்ண எடுக்காம பாரு, ஓரத்தப் பாரு."

கிறிஸ்மஸ் அன்னைக்கு ஆராதன முடிஞ்ச கையோட டாக்கீசுல வரிசை நின்னுது. செங்கல் ஊருலேருந்து வந்தாவ, அம்பூரியிலிருந்து ஜீப்புப் பிடிச்சு வந்தாவ. அம்பூரிக்காரன் எதுக்கு வந்தான்னு எனக்கே தெரியாது, அவனுக்க அத்தை மவ பச்சைச் சேலையில வாறாளாம். உள்ள போயி நான் சொவரோரம் நின்னு பாத்தேன். முந்நூறு தலையும் ஒண்ணா எடத்தே திரும்புது, வலத்தே திரும்புது. நடுவுல அண்ணன் ஜன்னல்ல நிக்கான், அவனப் பாக்க நாதியில்ல.

ஷோ முடிஞ்சு மொதலாளிக்க மவ கதவுகிட்ட வந்து நின்னா. கெட்டிக்காரி, கண்ணாடி போட்டவ. நான் வெளக்குமாற எடுத்துட்டு, முட்டு வலிய மறந்து, முன் வரிசைய மட்டும் தூத்தினேன். கடலை பொட்டலம் பொட்டலமாக் கெடக்கு, தொடாம. சாயா ஆடை கெட்டி நிக்கு.

"பாத்தியா மக்ளே"ன்னாரு மொதலாளி. கண்ணு நெறஞ்சிருந்துது.

அவ தரையப் பாத்தா, என்னையப் பாத்தா. "மொத நாளு எல்லாப் படத்துக்கும் ஆளு வரும் பப்பா. பத்து நாளும் வருதான்னு பாப்போம்"னா. சொன்னது நியாயம். நம்ம பக்கத்துல எத்தன ஆளு உண்டு? ஒருக்க பாத்துட்டா தீந்துதில்லா.

மூணாம் நாளு சானல் கரையில எல்லாரும் என்னைய வளைச்சுக்கிட்டாளுக. தையல்காரி அருவாள இடுப்புல வச்சுட்டு, "கெழவி, நீலமும் இல்ல, கருப்பும் இல்ல. உனக்க கொல மட்டும்லா வருது"ன்னா. பாட்டுக்காரி, "நான் கண்ணு சிமிட்டவே இல்ல அக்கா, தல வலிதான் மிச்சம்"னா. ஓரகத்திமாரு ரெண்டு பேரும் ஒண்ணாச் சேந்து நின்னு என்னைய மொறச்சாளுக. அவளுக ஒண்ணாச் சேந்ததாவது நடந்துதே, அதுக்கு ஒரு நன்றி உண்டா?

நான் கொடத்த எறக்கி வச்சிட்டு, வெத்திலப்பைய அவுத்து, ஒரு துண்டு பாக்கு எடுத்து வாயில போட்டேன். நெதானமா மென்னேன். பத்துல இன்னும் ஏழு நாளு கெடக்கு, மொதலாளிக்க மவ எண்ணிட்டிருப்பா.

"நீங்க எந்தப் பக்கத்துச் சீட்டுல இருந்து பாத்திய?"ன்னு கேட்டேன்.

"எடத்தே"ன்னா தையல்காரி.

"அதாக்கும். பஸ்ஸு வாறது எடத்தேருந்து. அங்கேருந்து பாத்தா உங்கள எல்லாம் பஸ்ஸு மறைக்காதா? வலது பக்கம், சொவரோரம் இருந்து பாக்கணும். நாளைக்கு உச்சை ஷோவுக்குப் போங்க, அந்தப் பக்கத்துச் சீட்டு கிட்டும். வீட்டு ஆளுகளயும் கூட்டிட்டுப் போங்க, ஒருத்தி கண்ணுக்குத் தப்பினாலும் அடுத்தவ பாப்பால்லா"ன்னேன்.